நான் மகளை இழுத்துக்கொண்டு குதித்த பள்ளம்

போன வருடம் உயிர்ப்புப் பெருநாள் முடிந்து வந்த செபக்கூட்டத்தில் நான் எழும்பி நின்று ஒரு சாட்சி சொன்னேன். அன்றைக்கு வந்திருந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். எரிமலை ஏறப்போன இடத்தில் நிலம் நடுங்கியது, கல் உருண்டு வந்து என் மகளின் காலில் விழுந்தது, மாதாவை மன்றாடினேன், பிள்ளை உயிரோடு வந்தாள் என்று சொன்னேன். சிலர் அழுதீர்கள். மரியதாஸ் அண்ணை என் கையைப் பிடித்து, "சூசை, நீர் குடுத்துவைச்சனீர்" என்றார்.

அதில் பொய் இல்லை. ஆனால் நான் சொன்னது பாதிதான். மற்றப் பாதியைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அதற்குப் பிறகு ஞாயிறு பூசையில் நற்கருணை வாங்க வரிசையில் நிற்கும்போதெல்லாம் அந்தப் பாதி நினைவில் வந்து நிற்கும். இந்தத் தவக்காலத்தில் அதையும் சேர்த்து எழுதிவிடுகிறேன். என் எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: நான் இருபத்தொன்பது வருடமாக மொன்றியலில், பியர்பொன்ட்ஸ் பகுதியில் இருக்கிறேன். மனைவி ஜசிந்தா ஒரு கார்டரியில், வேலைக்குப் போகிறவர்கள் விட்டுப்போகிற சின்னப்பிள்ளைகளுக்குச் சமைக்கிறா. எங்களுக்கு ஒரே மகள், ஷெரின். மொன்றியலில் பிறந்து வளர்ந்தவள். படிப்பு முடித்ததும் குவாத்தமாலாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படிப்பிக்க இரண்டு வருட வேலை எடுத்துப் போனாள். அந்த நேரம் நான் வேலை செய்த துணி ஆலையைப் பூட்டிவிட்டார்கள். நான் வீட்டில் யன்னலடியில் இருந்து பனி கொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் ரெலிபோனில், "அப்பா, அந்தப் பனியை எத்தினை தரம் பாப்பீங்கள்? இஞ்ச வந்து நில்லுங்கோ" என்றாள். கார்த்திகை மாதம் போனேன். பங்குனி வரைக்கும் அங்கே இருந்தேன்.

அந்த ஊரில் நிலம் அடிக்கடி ஆடும். நான் போய் இரண்டாம் கிழமை, காலையில் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தபோது மேலே தொங்கின விளக்கு தன்பாட்டில் ஆடத் தொடங்கியது. அடுத்த நிமிடம் நான் மேசைக்குக் கீழே கிடந்தேன். ஷெரின் வந்து குனிந்து பார்த்தாள்.

"அப்பா, மேசைக்குக் கீழ போனது சரி. கேத்தில் மூடியை ஏன் தலையில பிடிச்சுக்கொண்டு இருக்கிறீங்கள்?"

வீட்டுக்கார அம்மா முற்றம் கூட்டிக்கொண்டே ஏதோ சொன்னா. மகள் தமிழில் சொன்னாள்: "பூமி புரண்டு படுக்குதாம். திரும்ப நித்திரை ஆகிடுமாம்." இப்படி ஒரு சொல் கேட்டால் எனக்கு நாள் முழுக்கப் போதும். அன்றைக்கே ஜசிந்தாவுக்கு ரெலிபோன் அடித்துச் சொன்னேன். அவ, "அது புரண்டு படுக்கிற கட்டிலில ஏன் நீங்கள் போய்ப் படுத்திருக்கிறியள்?" என்று கேட்டா.

பிறகு பழகிவிட்டது என்று நினைத்தேன். சனிக்கிழமைகளில் மகளோடு மலை ஏறப் போனேன். அங்கே மலை என்றால் எரிமலைதான். கறுப்புச் சாம்பலில் இரண்டு அடி வைத்தால் ஓர் அடி பின்னுக்கு வழுக்கும். எங்கள் வீட்டு வாசலில் வழிக்காமல் கிடக்கிற பனிக்குள் நடக்கிற மாதிரித்தான், குளிர் மட்டும் இல்லை. சில இடத்தில் கல்லைத் தொட்டால் இளஞ்சூடு. மொன்றியல் நடுவில் இருக்கிற மலையும் ஒரு காலத்தில் எரிமலைதான் என்று நான் இருபது வருடமாக வந்துபோகிற எல்லாருக்கும் சொல்லி வந்தேன். அது எரிமலையே இல்லை என்று ஷெரின் அங்கேதான் எனக்கு விளங்கப்படுத்தினாள். "நீங்கள் காட்டிக்கொண்டு திரிஞ்ச சனத்துக்கெல்லாம் இனி ஆர் அப்பா திருத்திச் சொல்லுறது?" என்று சிரித்தாள்.

நான் அவளுக்குச் சொல்லாத ஒன்று இருந்தது. பக்கத்து மலை இடைக்கிடை குமுறும். தூரத்தில் "டும்" என்று கேட்கும். அப்போதெல்லாம் சப்பாத்துக் கயிறு கட்டுகிற மாதிரி நான் குனிந்துவிடுவேன். "அப்பாவின்ர கயிறு ஒருநாளும் இறுகாது" என்பாள். அவளுக்கு விளங்கவில்லை. நானும் விளங்கப்படுத்தவில்லை.

தவக்காலம் தொடங்க முந்தின சனிக்கிழமை அது. எங்களோடு வந்த வழிகாட்டி ஒரு பெண், பெயர் ரோசா. என் வயதுதான் இருக்கும். அந்த மலையடியில் பிறந்தவ. ஏறத் தொடங்க முதல் ஒன்றைச் சொன்னா. மகள் எனக்குச் சொன்னாள்: நிலம் ஆடினால் பள்ளத்துக்குள் போகக்கூடாது. கல் எல்லாம் பள்ளத்தாலேதான் உருண்டு வரும். மேட்டில் ஏறி நிற்கவேண்டும்.

நான், "ஓம், ஓம்" என்றேன். விளங்கித்தான் சொன்னேன்.

பத்து மணியிருக்கும். பாதி மலை ஏறியிருந்தோம். பாதைக்கு இடப்பக்கம் மழைத்தண்ணீர் அறுத்த ஒரு பள்ளம், கழுத்தளவு ஆழம் இருக்கும், காய்ந்து கிடந்தது. வலப்பக்கம் மேடு. ரோசா முன்னுக்குப் போனா. முதலில் சத்தம்தான் வந்தது. பெரிய லொறி ஒன்று காலுக்குக் கீழாலே போகிற மாதிரி. பிறகு நிலம் ஆடியது.

அந்த நேரத்தில் நான் எதையும் யோசிக்கவில்லை, சகோதரங்களே. என் உடம்புதான் முடிவெடுத்தது. மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பள்ளத்துக்குள் குதித்தேன். "படு" என்று கத்தினேன். "அப்பா, இது இல்லை, மேல, மேல" என்று அவள் எழும்பப் பார்த்தாள். நான் அவளுடைய தலையை இரண்டு கையாலும் அமத்தி மண்ணோடு பிடித்துக்கொண்டேன்.

நான் உங்களிடம் சொல்லாமல் விட்டது இதுதான். கல் தேடி வந்து என் பிள்ளைமேல் விழவில்லை. கல் வருகிற வழியில் பிள்ளையைக் கொண்டுபோய் வைத்தவன் நான்.

முதலில் சிறு கற்கள். பிறகு தேங்காய் அளவு. ஒன்று என் முதுகில் பட்டது. பிறகு ஷெரின் கத்தினாள். அப்படி ஒரு சத்தம் அவளிடமிருந்து நான் கேட்டதில்லை. உரல் அளவில் ஒரு கல் அவளுடைய இடது காலில், முழங்காலுக்குக் கீழே ஏறிக் கிடந்தது.

நிலம் ஆடுவது நின்றது. கல் வருவது நிற்கவில்லை. மேட்டில் நின்று ரோசா கையைக் காட்டிக் கத்தினா. எனக்கு அவவின் மொழி தெரியாது, ஆனால் விளங்கியது. எழும்பு என்கிறா. கல்லைப் புரட்டு, வெளியே வா என்கிறா.

என்னால் எழும்ப முடியவில்லை.

கால் முறியவில்லை. முதுகில் சிராய்ப்புத்தான். ஆனால் எழும்ப முடியவில்லை. நான் மண்ணோடு ஒட்டிக் கிடந்தேன். என் மகளுடைய முகம் சாம்பல் நிறமாகிக்கொண்டு வருகிறது. அவள், "அப்பா, அப்பா" என்கிறாள். மேலே பெரிய கற்கள் அசைகிற சத்தம் கேட்கிறது. நான் கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறேன். அந்த நேரத்தில் என்னை நானே வெறுத்த மாதிரி வாழ்க்கையில் ஒருநாளும் வெறுக்கவில்லை.

செபமாலை சொல்லலாம் என்று தொடங்கினேன். சின்ன வயதிலிருந்து ஒவ்வொரு நாளும் சொன்ன செபம். இரண்டு சொல்லுக்கு மேல் வரவில்லை. திரும்பத் தொடங்கினேன். திரும்பவும் இரண்டு சொல். கடைசியில் என் வாயில் வந்தது இவ்வளவுதான்:

"மாதாவே, என்னை எழுப்பி விடுங்கோ."

கல்லை நிறுத்து என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. பிள்ளையைக் காப்பாற்று என்றுகூடக் கேட்கவில்லை. என்னை எழுப்பி விடுங்கோ. அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒளி ஒன்றும் தெரியவில்லை. குரல் ஒன்றும் கேட்கவில்லை. முதலில் என் முழங்கால் மண்ணில் குத்துவது தெரிந்தது. பிறகு உள்ளங்கை. பிறகு நான் நின்றுகொண்டிருந்தேன். பள்ளத்துக்குள் நிமிர்ந்து, தலையை வெளியே நீட்டிக்கொண்டு. எப்படி எழும்பினேன் என்று இன்றைக்குக் கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது.

நான் எழும்பியதைக் கண்டதும் ரோசா ஊன்றுதடியோடு பள்ளத்துக்குள் குதித்தா. அவ குதித்த நேரம் பார்த்தேன், ஒரு கல்லும் வரவில்லை. மலை வாயை மூடிக்கொண்ட மாதிரி இருந்தது. தடியைக் கல்லுக்குக் கீழே கொடுத்து அவ நெம்ப, நான் தோளைக் கொடுத்துத் தள்ளினேன். கல் புரண்டது. பிள்ளையைத் தூக்கினோம். நான் கீழே நின்று தாங்க, ரோசா மேலே நின்று இழுத்தா. மேட்டில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தோம்.

படுக்க வைத்து நான் மூச்சு விடவில்லை, மேலே "கடகட" என்று சத்தம். ஒரு பெரிய பாறை பள்ளத்தாலே இறங்கி வந்து, நாங்கள் கிடந்த அதே இடத்தை அரைத்துக்கொண்டு கீழே போனது. புழுதி அடங்கியதும் ரோசா மெதுவாக ஏதோ சொன்னா. வலியோடு கிடந்த பிள்ளையிடம், "என்ன சொல்லுறா?" என்று கேட்டேன். ஒரு சொல்லை நான் விடமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும்.

"அந்தக் கல்லு உங்களுக்காகப் பொறுத்துக்கொண்டு நிண்டதாம், அப்பா."

கீழே கொண்டுபோகக் குதிரை பிடித்தோம். மலையடியில் ஏற ஏலாதவர்களுக்கென்று குதிரை வைத்திருக்கிறார்கள். குதிரை ஒவ்வோர் அடி வைக்கும்போதும் ஷெரின் பிரெஞ்சில் திட்டிக்கொண்டு வந்தாள். எங்கள் கியூபெக் மாகாணத்தில் கோபம் வந்தால் பீடத்தில் இருக்கிற பாத்திரங்களின் பெயரைச் சொல்லித்தானே திட்டுவார்கள். என் பிள்ளை அன்றைக்குக் கோயிலில் ஒரு சாமானையும் மிச்சம் விடவில்லை. வேறு நாளென்றால் நான் ஏசியிருப்பேன். அன்றைக்கு அவளுடைய குரல் கேட்டுக்கொண்டிருந்ததே எனக்குப் போதும்.

காலில் இரண்டு இடத்தில் முறிவு. சத்திரசிகிச்சை செய்து தகடு வைத்தார்கள். பங்குனி முடிவில் அவளைச் சக்கர நாற்காலியில் வைத்துக்கொண்டு மொன்றியலில் வந்து இறங்கினேன். ஜசிந்தா மகளைக் கட்டிப்பிடித்துவிட்டு என்னைப் பார்த்து, "நீங்கள் பக்கத்தில நிண்டபடியால் பிள்ளை தப்பினாள்" என்றா. நான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு நடந்தேன்.

பிறகுதான் அந்தச் சாட்சி. நான் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தேன். வீட்டுக்குப் போகிற வழியில், பின் சீற்றில் காலை நீட்டிக்கொண்டிருந்த மகள் சொன்னாள்: "நல்லாச் சொன்னீங்கள், அப்பா."

"என்ன பிள்ளை?"

"ஒண்டுமில்லை. நல்லாச் சொன்னீங்கள்."

என்னை ஏசியிருந்தால் பரவாயில்லை. கண்ணாடியில் பார்த்தேன், அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு எங்களுக்குள் கதை குறைந்தது. சாப்பிட்டீங்களா, மருந்து போட்டியா, அவ்வளவுதான். அவளுடைய காலை மாதா காப்பாற்றித் தந்தா. பிள்ளையை நான் தொலைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனி மாதம் ஸ்நாபக அருளப்பர் திருநாள் வந்தது. கியூபெக் முழுக்கக் கொண்டாட்டம். பொழுதுபட்டதும் எங்கள் தெருவில் வாணம் விடத் தொடங்கிவிடுவார்கள். ஒவ்வொரு வருடமும் அந்த நேரம் நான் நிலவறைக்குள் இறங்கிவிடுவேன். வீட்டில் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. அப்பா கீழே செபமாலை சொல்கிறார் என்று ஜசிந்தா சொல்லுவா. போன வருடமும் இறங்கி, உடுப்புத் தோய்க்கிற மெசினுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தேன்.

படியில் சத்தம். தடி, கால். தடி, கால். பதின்மூன்று படியும் ஷெரின் தனியே இறங்கி வந்து, எனக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தாள். வெளியே வெடித்தது. நான் தலையைக் குனிந்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சப்பாத்துப் போடேல்லை, அப்பா. இப்ப என்ன கட்டுறீங்கள்?"

நான் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை.

"அண்டைக்கு அந்தப் பள்ளத்துக்குள்ள நீங்கள் என்னோட இருக்கேல்லை" என்றாள். "வேற ஆரோடயோ இருந்தீங்கள். ஆர் அப்பா?"

அப்போதுதான் சொன்னேன். ஜசிந்தாவுக்குக்கூட முழுதாகச் சொல்லாததை மகளுக்குச் சொன்னேன். ஊரில் சண்டை நடந்த காலம், எனக்குப் பதின்மூன்று வயது. கோயிலால் வந்துகொண்டிருந்தோம், நானும் அம்மாவும். ஷெல் அடிக்கத் தொடங்கியது. பங்கர் இருக்கிற வீடு தூரம். றோட்டோரத்துப் பள்ளத்துக்குள் அம்மா என்னை இழுத்துக்கொண்டு குதித்தா. எனக்கு மேலே படுத்தா. நான் நிமிர்ந்து பார்க்கப் போனேன். அம்மா என் தலையை இரண்டு கையாலும் அமத்திப் பிடித்தா. "எழும்பாதை" என்றா. சத்தம் நின்ற பிறகு நான் எழும்பினேன். அம்மா எழும்பவில்லை.

மகள் தன்னுடைய தலையின் பின்பக்கத்தை, நான் அமத்தின இடத்தை, ஒருமுறை தடவிப் பார்த்தாள்.

"உன்னை அதுக்குள்ள இழுத்தது நான்தான், பிள்ளை" என்றேன். "கல்லில பிழை இல்லை."

"தெரியும். எனக்கு அண்டைக்கே தெரியும். நீங்களாச் சொல்லுவீங்கள் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான்."

"கோயிலில சொல்லவேணும். ஆனா சனம் என்ன நினைக்கும்?"

"அப்பா, சனம் மாதாவைப் பற்றிக் கேக்கத்தான் வருது. உங்களைப் பற்றிக் கேக்க இல்லை."

என்னிடம் இருக்கிற சொற்களிலெல்லாம் நான் பெரிதாக வைத்திருப்பது இதைத்தான்.

வெளியே இன்னும் வெடித்துக்கொண்டிருந்தது. மகள் கையை நீட்டினாள். "இறங்கீட்டன். தனிய ஏற ஏலாது. மேல கூட்டிக்கொண்டு போங்கோ."

"முடிஞ்சாப் பிறகு போவம், பிள்ளை."

"இப்ப, அப்பா."

நான் அந்த மூன்று சொல்லைத் திரும்பச் சொன்னேன். என்னை எழுப்பி விடுங்கோ. எழும்பினேன். அவளுடைய கையை என் தோளில் போட்டுக்கொண்டு பதின்மூன்று படியும் ஏறினோம். பின்கதவைத் திறந்து முற்றத்துக்குப் போனோம். ஜசிந்தா கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு எங்களைப் பார்த்தபடியே நின்றா. மேலே பச்சையும் சிவப்புமாக விரிந்தது. இருபத்தொன்பது வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன். அது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஷெரின் இப்போது தடி இல்லாமல் நடக்கிறாள். குளிர் கூடினால் தகடு வைத்த இடம் நோகும் என்கிறாள். ரோசாவோடு கிழமைக்கு ஒருமுறை கதைக்கிறோம், நானும் கொஞ்சம் அவவின் மொழி பழகுகிறேன். எனக்கு எல்லாம் மாறிவிட்டது என்று சொல்லமாட்டேன். மாரியில் பனி வழிக்கிற மெசின் தெருவில் இடித்துக்கொண்டு போனால் இன்றைக்கும் குனிகிறேன். ஆனால் குனிந்த இடத்தில் கிடப்பதில்லை. ஒவ்வொரு காலையிலும் கட்டிலை விட்டு இறங்க முதல் அந்த மூன்று சொல்லைத்தான் சொல்கிறேன். அம்மாவுக்கு ஒரு பூசை ஒப்புக்கொடுத்தேன். இவ்வளவு காலம் பயத்தில் மட்டும் நினைத்த அம்மாவை இப்போது நன்றியோடு நினைக்க முடிகிறது. மாதாவுக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்.

இதை வாசிக்கிற உங்களில் சிலர் யாரென்று எனக்குத் தெரியும். பெயர் சொல்லமாட்டேன். நீங்களும் வாணம் விடுகிற அந்த நாளில் வீட்டு யன்னலைப் பூட்டி, ரிவியைச் சத்தமாக வைத்துக்கொண்டு கீழே இருக்கிறவர்கள்தான். பெரிய செபம் ஒன்றும் வேண்டாம். செபம் மறந்து போனாலும் பரவாயில்லை. என்னை எழுப்பி விடுங்கோ என்று கேளுங்கள். எனக்குச் செய்தவ உங்களுக்கும் செய்வா.

வருகிற அருளப்பர் திருநாளன்று பொழுதுபட எங்கள் வீட்டுக்கு வாருங்கள். பின்முற்றத்தில் கதிரை போட்டிருப்போம். ஜசிந்தா தேத்தண்ணி தருவா. இருக்கேலாமல் போனால் நிலவறைக் கதவு திறந்துதான் கிடக்கும், இறங்குங்கள், ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டோம். கொஞ்ச நேரத்தில் நானும் ஷெரினும் இறங்கி வந்து உங்களுக்குப் பக்கத்தில் இருப்போம். ஏறும்போது சேர்ந்து ஏறுவோம்.